யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளரிடம் நாம் படிக்கும் பாடம்



இந்த முறை நமது பாடம் கொஞ்சம் தூரத்து ஊரைப் பற்றியது. யாழ்ப்பாணம். "அவுங்க ஊர்க் கதை நமக்கு எதுக்குங்க ஐயா?" என்று சிலர் கேட்பீர்கள். முழுவதையும் வாசித்துவிட்டு, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு கேளுங்கள்.

முதலில் என்னுடைய கதை ஒன்று. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும் வரைக்கும் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. அப்பாவுக்கு அட்டை கடித்த புண் ஆறாமல் வேலைக்குப் போகாத நேரம். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். ஏழு மாதம் இருந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பினால் இரவு பதினொரு மணிக்குத்தான் படுக்கை. சம்பளம் கேட்டால் "கணக்கில இருக்குத் தம்பி" என்பார் முதலாளி. திரும்பி வரும்போது பஸ் காசும் ஒரு சட்டைத் துணியும் கிடைத்தது. கணக்கு எங்கே இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதே கடையில் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிப் பையன் ஒருவன் என் பக்கத்துப் பாயில் படுப்பான். என்னைவிடக் கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டேன். கூட்டல் கணக்கை என்னிடம் காட்டித்தான் சரி பார்ப்பான். ஆனால் மூன்று நாலு வருடத்தில் அவன் புறக்கோட்டைப் பக்கம் சின்னக் கடையொன்றில் பங்காளி ஆகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு இல்லாதது என்ன அவனுக்கு இருந்தது? ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவனுக்கு ஒரு மாமா இருந்தார். அவ்வளவுதான்.

அந்த மாமா என்ன செய்தார் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். அதில்தான் பாடமே இருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கும் சுருட்டுக்கும் ஒரு காலத்தில் தெற்கே நல்ல கிராக்கி. காரைநகர், வேலணை, புங்குடுதீவு போன்ற இடங்களிலிருந்து ஆட்கள் போய் நாடு முழுக்கக் கடை போட்டார்கள். சிங்களவர்கள் அந்தக் கடைகளைச் 'சுருட்டுக் கடே' என்றே கூப்பிட்டார்கள். நம்ம மலைநாட்டு டவுன்களிலும் யாழ்ப்பாணத்தார் கடை என்றால் வயதானவர்களுக்குத் தெரியும். காகம் பறக்காத இடமும் இல்லை, காரைதீவான் போகாத இடமும் இல்லை என்று ஒரு பழமொழியே உண்டு. காரைநகருக்குப் பழைய பெயர் காரைதீவு.

அந்தக் கடைகளுக்கு ஊரிலிருந்து பன்னிரண்டு பதினாலு வயசுப் பையனைக் கூட்டி வருவார்கள். கூட்டி வருபவர் மாமனாகவோ, பெரியப்பன் மகனாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். பையன் முதலில் கடை கூட்டுவான். பிறகு சாமான் நிறுப்பான். சிங்களம் பேசப் பழகுவான். நம்பிக்கை வந்த பிறகுதான் காசு மேசைக்கு விடுவார்கள். சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் பேரேட்டில் பதிந்து வைப்பார்கள். (எனக்குச் சொன்ன அதே "கணக்கில இருக்கு"தான். ஆனால் அங்கே அந்தக் கணக்கு நிஜமாகவே இருந்தது. இல்லையென்றால் ஊரில் பையனின் தாய் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்பாள்.) சில வருடம் போனால் அந்தப் பணம் பங்காக மாறும். இன்னும் சில வருடத்தில் வேறொரு டவுனில் அவனுக்கே ஒரு கடை. முதல் தடவைச் சாமானைப் பழைய கடை கடனுக்குக் கொடுக்கும்.

இந்தக் கடனுக்குக் கொடுக்கிற சாமானைக் கவனியுங்கள். பேங்குக்குப் போனால் ஈடு கேட்பான். இங்கே ஈடு கிடையாது. ஏமாற்றினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், தங்கச்சிக்குக் கல்யாணம் நடக்காது என்ற பயம்தான் ஈடு. அப்படிக் கடை போட்டவனுக்கு ஒரு கடமையும் உண்டு. அடுத்த வருடம் அவன் தன் அக்கா மகனைக் கூட்டி வர வேண்டும். ஏறினவன் ஏணியை மேலே இழுத்துக்கொள்ளக் கூடாது. 1958லும் 1977லும் 1983லும் கலவரங்களில் கடைகள் எரிந்தபோது, எரியாத கடைக்காரர் எரிந்த கடைக்காரருக்கு மறுபடியும் சாமான் கொடுத்துத் தூக்கிவிட்ட கதைகளை நான் பல பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சரி, அந்தக் கடைகளில் நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் வேலை செய்யவில்லையா? நிறையப் பேர் செய்தார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளிலும் செய்தார்கள். ஆனால் பங்கு வரைக்கும் போனவர்கள் அருமை. அந்த ஏணி உறவுக்குள்ளே, சாதிக்குள்ளே போட்ட ஏணி. வெளியாள் கடைசி வரைக்கும் கடை கூட்டுகிறவன்தான். இதை மனத்தாங்கலாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்படியானால் யாழ்ப்பாணத்திலேயே மாமா இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

அங்கேயும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். பனையும் தென்னையும் ஏறிக் கள் இறக்கும் மக்கள். அங்கே இதைச் 'சீவல் தொழில்' என்பார்கள். அவர்கள் ஏறுகிற மரம் பெரும்பாலும் அவர்களுடையதில்லை, நில உடைமைக்காரருடையது. காலையும் மாலையும் நாற்பது ஐம்பது அடி உயரம் ஏறி இறங்க வேண்டும். காலில் தளநார், இடுப்பில் பாளைக்கத்தி, முட்டி. கை தவறினால் முதுகெலும்பு போச்சு. இப்படி உழைத்தவர்களைக் கோயிலுக்குள் விடவில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளை. சாதியைச் சொல்லித் தடுப்பது குற்றம் என்று 1957ல் சட்டம் வந்த பிறகும், 1968ல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகப் போராட வேண்டித்தான் இருந்தது. லயத்துக் காம்பிராவில் பிறந்த நமக்கு இதை நிறைய விளக்கத் தேவையில்லை.

(கள்ளைப் பற்றி எழுதுவதால் குடிக்கச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். சம்பள நாளில் நம்ம லயத்தில் நடப்பதைப் பார்க்கிறவன் நான். இங்கே நான் எழுதுவது இறக்கியவர்களைப் பற்றி.)

இரண்டு வருடத்துக்கு முன் கூட வேலை செய்யும் ஒருவரின் கல்யாணத்துக்கு வடமராட்சிப் பக்கம் போயிருந்தேன். அங்கே எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவரோடு ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதில் ஏறத் தொடங்கி, முழங்கால் விடும் வரைக்கும் ஏறினவர்.

"தம்பி, அப்புவின்ர காலத்தில மரம் ஏறுறது நாங்கள், காசு எண்ணுறது வேற ஆக்கள்" என்றார். தவறணையை நடத்தும் உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விடும். குத்தகை எடுக்க முதல் வேண்டும். முதல் உள்ளவன் ஒருநாளும் மரம் ஏறாதவன். இறக்கினவர் அவன் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். மழைக் காலத்தில் வருமானம் இல்லாவிட்டால் அவனிடமே முற்பணம் வாங்க வேண்டும். வாங்கினால் அடுத்த சீசனும் அவனுக்குத்தான். நம்ம பாட்டன்மார் பெரிய கங்காணியிடம் பட்ட துண்டுக் கடன் ஞாபகத்துக்கு வருகிறதா? எனக்கு வந்தது.

1972ல் அது மாறியது. அப்போது நிதி அமைச்சராக இருந்தவர் என். எம். பெரேரா. தவறணைக் குத்தகை முறையை நீக்கி, மரம் ஏறும் தொழிலாளரே அங்கத்தவராக உள்ள கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தார்கள். இன்று அவற்றுக்குப் பெயர் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம். அங்கத்தவர் இறக்கும் கள்ளைச் சங்கமே எடுக்கும். சங்கத்தின் தவறணையில் விற்கும், போத்தலில் அடைத்தும் விற்கும். மிஞ்சுகிற கள்ளைச் சாராயமாக வடிக்கத் திக்கத்தில் ஒரு வடிசாலையும் பிறகு வந்தது. 1978ல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது.

பெரியவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது விலை இல்லை. "விலை கூடிச்சுத்தான். ஆனா பெரிய விசயம் என்னெண்டா, கள்ளுக் காசில ஒரு பங்கைச் சங்கம் பிடிச்சு வைச்சுது. எனக்குக் கோபம். கையில தந்தா என்ன எண்டு சண்டை பிடிச்சனான். பிறகு தம்பி மரத்தால விழுந்திட்டான். அப்பதான் அந்தக் காசின்ர அருமை தெரிஞ்சுது." விழுந்தவருக்கு உதவி, பிள்ளைகளுக்குக் கொப்பி புத்தகம், மகளின் கல்யாணத்துக்குக் கடன் என்று, முன்பு குத்தகைக்காரனிடம் கையேந்திய எல்லாவற்றுக்கும் சங்கத்திடம் உரிமையாகப் போய்க் கேட்க முடிந்தது என்றார்.

சுருட்டுக்கடை மாமா செய்த வேலை எது? சம்பளத்தைச் சேர்த்து வைத்தார், கடன் கொடுத்தார், தொழில் பழக்கினார், அடுத்தவனைக் கூட்டி வரச் சொன்னார். மாமா இல்லாதவர்களுக்கு இந்த வேலையையெல்லாம் சங்கம் செய்தது. நல்ல மாமா ஒருவருக்குத்தான் மாமா. சங்கம் அத்தனை பேருக்கும். அதோடு மாமா செத்துப் போவார்.

தொழில் பழக்குவதைப் பற்றியும் கேட்டேன். பாளையைத் தட்டிப் பதப்படுத்துவது புத்தகத்தில் படிக்கிற வித்தை இல்லை. கூடத் தட்டினால் பாளை கெட்டுப் போகும், குறையத் தட்டினால் சொட்டாது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் கள். இளையவன் முதலில் கீழே நின்று முட்டி கழுவுவான், பெரியவர் மேலே இருந்து சத்தம் போடுவார். அப்படித்தான் அவர் படித்தார். தன் மகன்களுக்கு அப்படிப் படிப்பித்தாரா?

"இல்லைத் தம்பி. ஒருத்தனும் ஏறேல்லை. நானும் ஏறச் சொல்லேல்லை."

ஒரு மகன் மேசன். ஒருவர் வெளிநாட்டில். மகள் படித்துக் கணக்கு வேலை பழகி, ஒரு சங்கத்தில் கணக்கு எழுதுகிறார். அப்பா அந்தக் காலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்த மாதிரியான பேரேட்டில் இன்றைக்கு மகள் கணக்கு எழுதுகிறார். பெரியவர் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்தபடி சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். போர்க் காலத்தில் லட்சக்கணக்கான பனைகள் அழிந்தன. பதுங்கு குழிக்குக் குற்றி வேண்டும் என்று வெட்டினார்கள், ஷெல் விழுந்தும் கருகின. திக்கம் வடிசாலை நின்று நின்று ஓடியது. அதை யார் நடத்துவது என்ற பிரச்சினையும் நீண்ட நாள் இழுபட்டது. இளம் ஆட்கள் ஏற வருவதில்லை. ஏறுகிறவர் குறைந்தால் சங்கத்துக்கு வருமானம் எங்கே? பொதுக்கூட்டத்துக்கு வராமலே குறை சொல்கிறவர்களும் உண்டு என்று பெரியவரே சிரித்தார். அந்த விசயத்தில் நாமும் அவர்களும் சொந்தக்காரர்கள் போலத்தான்.

பனையேறிய இன்னொரு சமூகத்தின் கதையும் இங்கே பொருந்தும். தமிழ்நாட்டில் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து நாடார்கள். நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலேறிய சீமையும் அதுதான். அவர்களையும் கோயிலுக்குள் விடாத காலம் இருந்தது. அவர்களில் வியாபாரத்துக்கு வந்தவர்கள் 'மகமை' என்று ஒரு வழக்கம் வைத்தார்கள். விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகையைப் பொதுப் பெட்டியில் போடுவது. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்ததும் உண்டு. விருதுநகரில் 1889ல் பள்ளிக்கூடம் வந்தது. 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. இன்று அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. 1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைப் படித்துக்கொண்டு வந்தார்கள். படித்ததைத் தங்களோடு மூடி வைத்திருந்தால் சிவகாசி இன்றைய சிவகாசி ஆகியிருக்குமா?

கடல் கடந்தும் ஒன்று. அமெரிக்காவில் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்து 1865ல் விடுதலை செய்தார்கள். விடுதலை கிடைத்ததே தவிர, கடனுக்கு வெள்ளைக்காரன் பேங்க் வாசலைத் திறக்கவில்லை. ரிச்மண்ட் என்ற ஊரில் மெகி வாக்கர் என்ற அம்மா இருந்தார். அவருடைய தாய் அடிமையாக இருந்து, பிறகு ஊரார் துணி துவைத்துப் பிழைத்தவர். மகள் சின்ன வயதில் துவைத்த துணிக் கூடையைச் சுமந்து வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பாராம். அந்த மகள் 1903ல் ஒரு வங்கி தொடங்கினார். பெயரிலேயே 'பென்னி', அதாவது சதம், இருக்கும். சலவைக்காரிகளின் சதமும் சமையல்காரிகளின் சதமும் சேர்ந்த வங்கி அது. பிள்ளைகளையும் சதம் சேர்க்கப் பழக்கினார். அங்கேயும் எரித்தார்கள். 1921ல் டல்சா என்ற நகரத்தில் கறுப்பு வியாபாரிகளின் வீதிகளையே கொளுத்தினார்கள். 1983ஐக் கண்டவர்களுக்கு அந்தப் புகையின் வாசனை தெரியும். திரினிடாட் தீவில் கறுப்புப் பெண்கள் 'சூசூ' என்று ஒன்று பிடிக்கிறார்கள். கேட்டால் சிரிப்பீர்கள். நம்ம சீட்டேதான்.

இப்போது நம்ம தோட்டத்துக்கு வருவோம்.

நமக்குச் சீட்டுப் பிடிக்கத் தெரியும். மலைக்கு மலை, லயத்துக்கு லயம் அக்காமார் பிடிக்கிறார்கள். ஒரு புத்தகம் இல்லை, கையெழுத்து இல்லை, ஆனாலும் பெரும்பாலும் தவறுவதில்லை. சங்கம் நடத்தும் பழக்கமும் நமக்குப் புதிதில்லை. வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் உள்ள தோட்டங்கள் இருக்கின்றன, மரணாதாரச் சங்கம் இருக்கிறது. செத்தால் பெட்டி வாங்கச் சங்கம் வைத்திருக்கிறோம். உயிரோடு இருக்கிற பிள்ளை கடை போட ஒன்றும் வைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன்.

நமக்கு மாமாவே இல்லை என்று இனிமேல் சொல்லவும் முடியாது. நம்ம தோட்டத்திலிருந்து போனவர்களில் இன்று சலூன் வைத்திருப்பவர் உண்டு, தையல் கடை வைத்திருக்கும் தங்கச்சி உண்டு, கொழும்பில் சாப்பாட்டுக் கடைக்கு மரக்கறி சப்ளை பண்ணுகிறவர் உண்டு. தீபாவளிக்கு வருகிறார்கள், திருவிழாவுக்குப் பணம் தருகிறார்கள், மைக் செட்டில் பெயரைச் சொல்கிறோம், போகிறார்கள். போன தீபாவளிக்கு அப்படி வந்த ஒருவரிடம் மெதுவாகக் கேட்டேன்: "தம்பி, நம்ம லயத்துப் பையன் ஒருத்தனைக் கூட்டிட்டுப் போய்த் தொழில் பழக்கலாமே?"

"கூப்பிட்டேன் சார். மூணு மாசத்துல ஓடி வந்துட்டான். அம்மாக்காரி என்னையத்தான் ஏசுனா" என்றார்.

பையனிடமும் கேட்டேன். "சம்பளம் எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் சொல்லல சார்" என்றான்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். சுருட்டுக்கடையில் பேரேடு இருந்தது, அதைக் கேட்க ஊரில் ஆள் இருந்தது. சீவல் தொழிலாளருக்குச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் இருந்தது. நம்ம பையனுக்கும் அந்தக் கடைக்காரத் தம்பிக்கும் நடுவில் எழுத்தில் ஒன்றுமே இல்லை. சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்ன பழக்குவது, எவ்வளவு பேங்க் புத்தகத்தில் போடுவது என்று ஒரு தாளில் எழுதி, தலைவரோ நானோ சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒருவேளை அவன் இன்று அங்கே இருந்திருப்பான். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை மட்டும் இப்படி அனுப்பக் கூடாது. அந்தக் காலத்துப் பன்னிரண்டு வயதுக் கதையை இன்றைக்கு யாரும் உதாரணமாக எடுக்க வேண்டாம். அந்த வயதுப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

வருகிற மாதம் பிள்ளை மடுவத்தில் நடக்கும் வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவோம். வரும்போது மூன்று விசயம் யோசித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் லயத்திலிருந்து வெளியே போய்ச் சொந்தமாகத் தொழில் செய்கிற ஒருவரின் பெயரும் போன் நம்பரும் வேண்டும். அவரிடம் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் சீட்டில் மாதம் எவ்வளவு சேருகிறது, அதில் ஒரு தவணையை ஒரு பிள்ளையின் தையல் மெஷினுக்கோ சலூன் நாற்காலிக்கோ கடனாகக் கொடுக்க அக்காமார் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். ஏன் சம்மதிக்க மாட்டார்கள் என்பதையும் கேளுங்கள், அந்தப் பதில்தான் நமக்கு அதிகம் உதவும். மூன்றாவது, ஓடி வந்த பையன்கள் யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். ஏசாமல் கூட்டி வாருங்கள். அந்தக் கடைக்காரத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தாளும் பேனையும் நான் கொண்டு வருகிறேன்.